சம்பந்தி வீட்டு விருந்தாளி

எங்கள் வேன் கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறியபோது காலைப் பனி இன்னும் விலகவில்லை. தங்கை ஜெபீனாவுக்குக் கல்யாணம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் சேர்ந்து கல்வராயன் மலைக்கு ஒருநாள் போய் வரலாம் என்று முடிவானதில் எனக்குத்தான் வேலை ஜாஸ்தி. பிரியாணி அண்டா, தாம்பாளங்கள், தண்ணீர் கேன், பாய், அம்மாவின் மாத்திரை என்று எல்லாவற்றையும் நான்தான் ஏற்ற வேண்டும், நான்தான் இறக்க வேண்டும். என் பெயர் ஷம்ஷாத். வீட்டுக்கு மூத்தவள். கணவர் இலியாஸ் ரியாத்தில் வேலை பார்க்கிறார். அவர் ஊரில் இல்லாததால் எனக்கு வேறு வேலையே கிடையாது என்பது எங்கள் வீட்டார் எண்ணம்.

அத்தா ஷேக் தாவூது கள்ளக்குறிச்சியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். மாப்பிள்ளை ஆஷிக்கின் வீட்டாருக்குத் தியாகதுருகத்தில் துணிக்கடை. வேனில் இடம் போதாமல் இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் காரிலும் பைக்கிலும் முன்னும் பின்னுமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. கல்யாணக் கூட்டத்தில் ஒருமுறை பார்த்த முகங்கள், அவ்வளவுதான்.

தெரியாவிட்டாலும் கேட்கக் கூடாது. நிக்காஹ் அன்று எங்கள் அம்மா நூர்ஜகான், பந்தியில் முதல் வரிசையில் இருந்த ஒரு பெண்மணியிடம் வெள்ளந்தியாக, "நீங்க யாரு வூட்டு ஆளு?" என்று கேட்டுவிட்டாள். அவர் மாப்பிள்ளையின் சொந்த அத்தை. "என்னெ யாருன்னு கேட்ட எடத்துல நான் கை நனைக்க மாட்டேன்" என்று எழுந்து போய் காரில் உட்கார்ந்துகொண்டார். அத்தா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிக் கூத்தாடித்தான் அவரைத் திரும்ப அழைத்து வந்தார். அதற்குள் பிரியாணி ஆறிவிட்டது. மறுநாள் அத்தா எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"இனிமே அவங்க ஆளுங்க யாரு வந்தாலும் வாங்க, உக்காருங்க, சாப்டுங்க. அவ்ளோதான். யாரு இன்னான்னு ஒருத்தரையும் கேக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. மாப்பிள்ளை வீட்டிலும் இதே உத்தரவு போடப்பட்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிமலையில் டீ குடித்துவிட்டு அருவிக்குப் போனோம். எந்த அருவி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பிள்ளைகுட்டிகளோடு அங்கே போய் நிற்பீர்கள்.

வண்டி நிற்கும் இடத்திலிருந்து பாறையும் வேருமாக ஒரு இறக்கம். மரங்களுக்கு இடையில் ஈரம் சொட்டிக்கொண்டே இருந்தது. அருவி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் இரைச்சல் நெஞ்சில் அதிர்ந்தது. பாசி நாற்றமும் நனைந்த சருகு நாற்றமும் மூக்கை விட்டுப் போகவில்லை. ஆண்கள் கத்திக்கொண்டே தண்ணீரில் இறங்கினார்கள். நான் சமமான பாறையாகப் பார்த்துப் பாயை விரித்தேன். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அண்டாவைத் திறந்து பார்ப்பதும், ஜெபீனா எங்கே என்று தேடுவதும், மறுபடி அண்டாவைத் திறப்பதுமாக இருந்தேன்.

இறக்கத்தின் முடிவில் அன்னாசிப்பழம் விற்கும் மலைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் செவ்வந்தி. தூக்குவாளியைத் திறந்து, அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "எங்ககூட வந்து சாப்டுங்க, வாங்க" என்றேன்.

அவள் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "இங்க அப்டி யாரையும் கூப்டாதீங்கக்கா" என்றாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு தாம்பாளத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். ஆண்களுக்கு வைத்துவிட்டு எங்கள் தாம்பாளத்துக்கு வந்தேன். நான், ஜெபீனா, அவள் மாமியார் கைருன்னிசா. அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். நாலாவது இடம் காலி. அப்போதுதான் மேலேயிருந்து பனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இரைச்சல் மட்டும் இருந்தது.

அந்தப் பனிக்குள் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

ஐம்பது வயது இருக்கலாம். சாம்பல் நிறப் புடவை, முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தாள். உடம்பு முழுக்க நனைந்திருந்தது. குளித்துவிட்டு வருகிறாள் என்று தோன்றியது. முகத்தைப் பார்த்தால் தெரிந்த முகம் மாதிரியும் இருந்தது, தெரியாத முகம் மாதிரியும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆள்தான், சந்தேகமே இல்லை. போன தடவை போல மானம் போகக் கூடாது என்று முந்திக்கொண்டேன்.

"ஏன் மாமி தள்ளி நின்னுக்கினு இருக்கீங்க? வாங்க, உக்காருங்க. உங்க வூடு மாதிரி நெனச்சிக்குங்க."

"ஆமா, வாங்க வாங்க" என்று கைருன்னிசா மாமியும் நகர்ந்து இடம் விட்டார்.

அவள் வந்து ஜெபீனாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். புன்னகைத்தாள். பேசவில்லை. தாம்பாளத்தில் கை வைத்தாள். விரல் நுனிகளெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்த கை. அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள், ஆனால் அவள் பக்கத்துச் சோறு குறையவே இல்லை. சாப்பிட்டு முடித்துத் தாம்பாளத்தை எடுத்தபோது அந்தப் பக்கம் மட்டும் கஞ்சியாக ஊறியிருந்தது. சாய்த்தேன். தெளிந்த தண்ணீர் கொட்டியது.

பனித்தண்ணி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் கரியாலூர் படகுத்துறைக்குப் போனோம். ஜெபீனாவும் ஆஷிக்கும் மிதிபடகில் ஏறினார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் தனியாகப் போகட்டும் என்று நாங்களெல்லாம் கரையிலேயே நின்றோம். நனைந்த புடவைக்காரி மட்டும் போய் அவர்கள் பின்னால் ஏறிக்கொண்டாள். இவர்கள் வீட்டுப் பெரிய மனுஷிக்கு இங்கிதம் கொஞ்சம் கம்மிதான் என்று நான் நினைத்தேன். கைருன்னிசா மாமியும் என் அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே போனது. "அந்தம்மாவ நடுவுல உக்காரச் சொல்லுங்க, வெயிட்டு தாங்கல" என்று கரையிலிருந்து படகுக்காரர் கத்தினார். எலும்பும் தோலுமான உடம்பு அது. ஜெபீனா அவள் கையைப் பிடித்தபடி தண்ணீரையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் அவள் நிமிரவில்லை. கரைக்கு வந்து இறங்கும்வரை நான் துறையின் ஓரத்தை விட்டு நகரவில்லை.

திரும்பும்போது வேனில் அந்தப் பெண் ஜெபீனாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அருவியை விட்டு வந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது. எங்கள் எல்லோருடைய துணியும் காய்ந்துவிட்டது. அவள் புடவையிலிருந்து மட்டும் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தது.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் இறங்கிக்கொண்டோம். வேன் மாப்பிள்ளை வீட்டாரோடும் ஜெபீனாவோடும் தியாகதுருகத்துக்குக் கிளம்பியது. அவள் இறங்கவில்லை. பார்த்தாயா, அவர்கள் ஆள்தான் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஜன்னல் வழியாகக் கையசைத்தேன். அவளும் அசைத்தாள்.

சில நாட்கள் கழித்து கைருன்னிசா மாமி போன் செய்தார். நலம் விசாரித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், அம்மாவின் முட்டிவலியைப் பற்றிக் கேட்டார். விஷயத்துக்கு வராமல் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஷம்ஷாத்து, தப்பா எடுத்துக்காத. கேக்கவே கூச்சமா கீது. உங்க பெரியம்மா இன்னும் எவ்ளோ நாளு இருப்பாங்க? எங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, எவ்ளோ நாளு வேணா இருக்கட்டும். அவங்க படுக்குற பாயி காயவே மாட்டேங்குது. எதனா ஒடம்புக்கு முடியாம இருக்காங்களான்னுதான் கேட்டேன்."

"எந்தப் பெரியம்மா மாமி?"

"அருவிக்கு வந்தாங்களே. நீதானே கூப்ட்டு உக்கார வெச்ச."

"அவங்க உங்க ஆளு இல்லியா மாமி?"

போனில் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. பிறகு மாமி குரலைத் தாழ்த்தி, "அல்லாவே" என்றார். "அவ உள்ளதான் கீறா. ஜெபீனாகூட."

அடுத்த பஸ்ஸில் அம்மாவையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். உச்சி வெயில். தியாகதுருகம் மலைக்கோட்டைப் பாறை கண் கூச வெளுத்துக் கிடந்தது. அந்தத் தெருவில் எங்கள் சம்பந்தி வீட்டு வாசல் மட்டும் ஈரமாக இருந்தது. உள்ளே நுழைந்ததும் பாசி நாற்றம் அடித்தது. கைருன்னிசா மாமி கையில் மாப்போடு நின்றார். துடைத்துத் துடைத்து அவர் தோள் ஒருபக்கமாக இறங்கியிருந்தது.

ஹால் சோபாவில் ஆஷிக்கின் தலையணையும் போர்வையும் கிடந்தன. வந்த நாளிலிருந்து விருந்தாளி ஜெபீனாவோடுதான் படுக்கிறாளாம். பெண் வீட்டுப் பெரியவர், எப்படி எழுந்து போகச் சொல்வது என்று புது மாப்பிள்ளை வாயைத் திறக்காமல் ஹாலில் படுத்துக்கொண்டிருக்கிறான். ஜெபீனாவோ அவளை மாமியார் வீட்டுப் பெரியவர் என்று நினைத்து எதையும் கேட்காமல் இருந்திருக்கிறாள். இப்படி ஒரு மரியாதையை நான் எங்கேயும் கண்டதில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"புள்ளைக்கு ரெண்டு நாளா இருமல். நீங்க பயந்துடுவீங்கன்னுதான் போன்ல சொல்லல" என்றார் மாமி. "நெஞ்சுல நீர் சேந்திருக்காம். டாக்டரு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போகச் சொல்லிட்டாரு. இவ எழுந்து வர மாட்டேங்குறா. நீ போன வெச்சதும் மாமா போயி பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூட்டியாந்தாரு. அவரு ஓதி முடிக்கிற வரைக்கும் அந்தப் பொம்பள தலையில முந்தானையைப் போட்டுக்கினு அடக்கமா உக்காந்திருந்தா. ஓதி முடிச்சதும் அவருக்குத் தண்ணி மொண்டு குடுத்தா."

அறைக் கதவைத் தள்ளினேன்.

ஜெபீனா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னால் அமர்ந்து அந்தப் பெண் தலைவாரிக்கொண்டிருந்தாள். சீப்பு இறங்க இறங்கத் தண்ணீர் வழிந்தது. என் தங்கையின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் கையை எடுத்துப் பார்த்தேன். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தன.

"அக்கா" என்றாள். இருமினாள். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. சளியில்லை, கோழையில்லை. வெறும் தண்ணீர்.

என் தங்கை காய்ந்த தரையில் மூழ்கிக்கொண்டிருந்தாள்.

எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று அத்தா உத்தரவு போட்டாரோ, அதைக் கேட்டேன்.

"யாரு நீங்க?"

அவள் சீப்பை நிறுத்தினாள். முதன்முறையாக வாய் திறந்தாள். பாறைக்கு அடியிலிருந்து வருவது போல அடங்கிய குரல்.

"நீதானே கூப்ட்ட."

ஜெபீனா மறுபடி இருமினாள். இந்தத் தடவை நிற்கவில்லை. கண்கள் செருகின. அம்மா வாசலில் நின்று அலறினாள். எனக்கு அந்த நிமிடம் வேறு வழி எதுவும் தோன்றவில்லை. விருந்தாளியைப் போ என்று சொல்ல எங்கள் வாய்க்குப் பழக்கமில்லை. சொன்னாலும் அவள் போவாள் என்று நான் நம்பவில்லை. வா என்று சொல்லத்தான் தெரியும்.

"நான்தான் கூப்ட்டேன். அவ கூப்டல" என்றேன். "கூப்ட்டவ வூட்லதான் தங்கணும். எங்க வூட்டுக்கு வாங்க மாமி. என்கூட வாங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சீப்பைத் தரையில் வைத்தாள். எழுந்தாள்.

ஜெபீனா நீளமாக ஒரு மூச்சை இழுத்தாள்.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். கண்டக்டர் அவளைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. ஈர சீட்டைப் பார்த்து, "யாருங்க தண்ணி கொட்டுனது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா தங்கையோடு அங்கேயே தங்கிவிட்டாள். அன்றைக்கே ஜெபீனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சில் இருந்த நீர் தானாகவே வற்றிவிட்டதாம். டாக்டர் பழைய எக்ஸ்ரேயையும் புதிய எக்ஸ்ரேயையும் மாற்றி மாற்றிப் பார்த்தாராம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் இருமல் வந்தது.

அத்தா வீட்டு மாடியில்தான் நான் தனியாக இருக்கிறேன். அங்கே அவளுக்கு ஒரு பாய் போட்டேன். பகல் முழுக்க அவள் அந்தப் பாயில் உட்கார்ந்திருப்பாள். நான் நடந்துகொண்டே இருப்பேன். துணி துவைப்பேன், துவைத்ததையே மறுபடி துவைப்பேன், மொட்டை மாடிக்குப் போவேன், இறங்குவேன். எங்கே நின்றாலும் அருவியின் இரைச்சல் காதில் இருந்தது. விரல் நுனிகள் சுருங்கின. தண்ணீர் குடிக்காமலேயே வயிறு நிறைந்து கிடந்தது. அத்தாவிடம் சாதாரண சளி என்று சொன்னேன். பயந்தேன், நன்றாகவே பயந்தேன். ஆனாலும் ஜெபீனா போனில் பழையபடி என்னோடு வம்புக்கு வரும்போதெல்லாம் நான் செய்தது சரிதான் என்று தோன்றும்.

இலியாஸிடம் மட்டும் எதையும் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் மனிதரிடம் போனில் இதை எப்படிச் சொல்வது? பக்ரீத் பெருநாளுக்கு லீவில் வருவார், அதுவரை நான் இருந்தால் நேரில் சொல்லலாம் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் வீடியோ காலில் வந்தார். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசினேன். ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று குரலை மாற்றினார். பெரியவர்களிடம் பேசும் குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நல்லா இருக்கீங்களா?"

திரும்பிப் பார்த்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு ஷம்ஷாத், ஜெபீனா மாமியார் வூட்டு ஆளா? சொல்லவே இல்ல பாத்தியா. கல்யாணத்துக்கு வர முடியலங்க, மன்னிச்சிக்குங்க. மக்காவுக்கு உம்ரா கிம்ரா வந்தீங்கன்னா..."

"ஏங்க, வேணாங்க" என்று கத்தினேன். திரையில் அவர் முகம் அப்படியே உறைந்து நின்றது. என் சத்தம் போகவில்லை. அவர் சத்தம் மட்டும் வந்தது.

"...எங்க ரூமுக்குக் கண்டிப்பா வரணும். உங்க வூடு மாதிரி நெனச்சிக்குங்க."

அழைப்பு அறுந்துவிட்டது.

திரும்பத் திரும்ப அவர் எண்ணை அழுத்தினேன். கிடைக்கவில்லை. போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும். மாடி அறையில் இரைச்சல் நின்றிருந்தது. அப்போதுதான் அதைக் கவனித்தேன். எத்தனை நாளாகக் காதில் இருந்த சத்தம். பாயைப் பார்த்தேன், யாரும் இல்லை. உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

பாய் காய்ந்திருந்தது.

என் விரல்கள் பழையபடி ஆகியிருந்தன. மூச்சு அடைப்பில்லாமல் போய் வந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலை அவரே கூப்பிட்டார். கொஞ்சம் கோபமாக இருந்தார். பக்கத்தில் ஆள் இருப்பதால் குரலை அடக்கிப் பேசினார்.

"இன்னா ஷம்ஷாத் நீ, அவங்க வராங்கன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ரூம்ல விரிக்க ஒரு பாயிகூட இல்ல. வந்ததுலருந்து முழுக்க நனஞ்சு நிக்கிறாங்க. இங்க மழையே இல்லியே?"

சொல்லிவிட்டு அவர் இருமினார்.